மறதி எல்லாம் வயசுக் கோளாறு இல்லை!

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால், பெரணமல்லூரில் 40 வருஷம் பட்டு நெய்த தாத்தா, தறியில் உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று திகைத்தால்? "வயசாயிடுச்சு" என்று விட்டுடாதீங்க. அது டிமென்ஷியா என்ற மறதி நோயாக இருக்கலாம்.

ஆய்வு என்ன சொல்கிறது?
2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. நகரத்தைவிட கிராமத்தில் அதிகம். ஆண்களைவிட பெண்களுக்கு அதிகம்.

தடுக்க முடியுமா?
2024-இல் லான்செட் நிபுணர் குழு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைபாடு ஆகியவை அவற்றில் சில. எல்லாவற்றையும் கவனித்தால், உலக அளவில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம்.

நீங்க செய்ய வேண்டியது
• பி.பி., சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.
• மறதி அதிகமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறால் வரும் மறதியைச் சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு.
• ஆலோசனைக்கு, கட்டணமில்லா முதியோர் உதவி எண் 14567. இப்போதே போனில் சேமித்து வையுங்க.