வசந்தகால வலசையும் நீர்ப் பங்கீடும்: பரத்பூர் தரும் பாடம்

இராஜஸ்தான் மாநிலத்தின் கிழக்கு எல்லையில், பரத்பூர் நகரை ஒட்டி, கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்காவுக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளைப் பற்றிப் பலரும் அறிவர். அவை திரும்பிச் செல்லும் காலம் அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலான இக்காலத்தில், ஒரு சனி, ஞாயிறு முறையாகப் பறவைகளை நோக்குவோர், அவ்வாண்டின் நீர் நிருவாகம் எவ்வாறு இருந்தது என்பதையும் அறிய இயலும்.

புறப்பாட்டுக்கு முந்தைய தேவை

பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து திபெத், மங்கோலியா முதலிய பகுதிகளுக்குச் செல்கின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை ஆகியவை மேலும் வடக்கே பறக்கின்றன. இப்பயணத்திற்கான எரிபொருள் உடலில் சேரும் கொழுப்பேயாகும். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் பறவைகள் மிகுதியாக உண்டு அதனைச் சேமிக்கின்றன. ஆதலால் மழைக்காலத்தில் நிரப்பப்பட்ட நீர், ஆழம் குறைந்த அளவிலேனும் மார்ச் வரை நிலைத்திருத்தல் இன்றியமையாதது. நீர் முன்னரே வற்றிவிட்டால், உணவு தேடிப் பறவைகள் வேறிடங்களுக்குச் சென்றுவிடும்.

இரு நாள் ஆய்வு

முதல் நாள் விடியற்காலையில், முன்னரே குறித்துக்கொண்ட இடங்களில் நின்று இனவாரியாக எண்ணுதல் வேண்டும். வெயில் ஏறிய பின், மேலெழும் வெப்பக் காற்றைப் பயன்படுத்தி வட்டமிட்டு உயரும் கூழைக்கடாக்களையும் கழுகுகளையும் காணலாம். வாத்துகளில் பல இரவில் பயணம் செய்வதால், அந்திப் பொழுதில் அவை கூட்டமாக எழுவதைக் கவனித்தல் பயனுடையது. மறுநாள் அதே இடங்களில், அதே நேரத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரு எண்ணிக்கைகளுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் வலசையால் ஏற்பட்டது எனக் கொள்ளுதல் தவறாகும். பறவைகள் அருகிலுள்ள வயல்களுக்கோ வேறு நீர்நிலைகளுக்கோ சென்றிருக்கலாம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில் இக்கணக்கை எடுத்து, நீரின் ஆழத்தையும் உடன் குறித்து வைத்தாலன்றி அது ஒப்பீட்டுக்கு உதவாது.

நீரும் நிலமும்

இவ்வீரநிலம் முற்றிலும் இயற்கையானதன்று. 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அஜான் அணைக்கரையிலிருந்து நீர் பெற்று, பிற்காலத்தில் மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இது விளங்கியது. 1938-இல் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. 1981-இல் ராம்சார் ஈரநிலமாகவும், 1985-இல் உலக மரபுச் சின்னமாகவும் இவ்விடம் ஏற்கப்பட்டது.

பூங்காவின் ஆண்டுத் தேவை ஏறத்தாழ 55 கோடி கனஅடி நீர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை அமைந்த பின், 2000-த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் வரத்து பெரிதும் குறைந்தது. நீரைத் திறந்துவிட மேற்பகுதி உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுடைய பாசனத் தேவையும் உண்மையானதே. பின்னர் கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் நீர் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது.

மேய்ச்சல் தடையின் விளைவு

1982-இல் பூங்காவினுள் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதனால் எழுந்த மோதலில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் கிராமத்தினர் சிலர் உயிரிழந்தனர். தடைக்குப் பின் பாஸ்பாலம் என்னும் புல் நீர்ப்பரப்பை அடர்ந்து மூடியது. அப்புல்லைக் கட்டுப்படுத்தி வந்தவை எருமைகளே என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு எடுத்துக் காட்டியது. முன்கூட்டிய ஆய்வின்றியும், மக்களைக் கலந்து பேசாமலும் மேற்கொள்ளப்படும் முடிவு, காக்க நினைத்த பொருளுக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சைபீரியக் கொக்கின் வரலாறு இப்பாடத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1960-களில் இங்கு சுமார் 200 கொக்குகள் வந்தன. 2002-க்குப் பின் ஒன்றும் வரவில்லை. வலசை வழியிலுள்ள நாடுகளில் நடந்த வேட்டை இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஓரிடத்தில் அளிக்கப்படும் பாதுகாப்பு, வழி முழுவதற்கும் போதுமானதன்று.

செய்ய வேண்டுவன

பூங்காவில் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் பறவைகளை அடையாளங்காட்டப் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர். பருவம் குறுகினால் அவர்களுடைய வருவாயும் குறைகிறது. அன்றாடம் பறவைகளைக் காணும் இவர்களையும் அருகிலுள்ள கல்லூரி மாணவர்களையும் வசந்தகாலக் கணக்கெடுப்பில் ஈடுபடுத்தலாம். அக்கணக்கை வனத்துறையும் பாசனத் துறையும் மழைக்காலத்துக்கு முன்பே ஒன்றாகப் பரிசீலித்து, பாசனத்துக்கும் பூங்காவுக்கும் உரிய பங்கை நிருணயித்தல் வேண்டும். மார்ச் மாதத்தில் எவ்வளவு நீர் எஞ்ச வேண்டும் என்பதை முதலில் வரையறுத்து, ஜூலையில் திறக்க வேண்டிய அளவை அதிலிருந்து கணக்கிடுவதே முறையான திட்டமிடலாகும்.