ஃப்ரீசெல்: மறதி தொடங்கிய பெரியவர்களுக்கு ஒரு கணினி விளையாட்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ். பெரியவர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ஆனால் மறதி தலைகாட்டும் வயதில் கணினி விளையாட்டு உதவுமா என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு விளையாட்டையும் கற்றுக்கொள்வோம்.

சாவியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் உண்டு. வயதுக்கு மீறி நினைவாற்றல் குறைந்தாலும் சமையல், கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாட வேலைகளைத் தாமே செய்ய முடிகிறது என்றால், அந்த நிலையை டாக்டர்கள் மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட் என்கிறார்கள். சுருக்கமாக எம்.சி.ஐ. இது டிமென்ஷியா அல்ல. சிலருக்குப் பின்னாளில் அப்படி ஆகலாம். சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டு வரும். ஆகவே கேம் பிறகு, டாக்டர் முதலில்.

இனி ஃப்ரீசெல். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சாலிடேர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் சாலிடேர் தொகுப்பு தெரியும். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். அதற்குள் ஃப்ரீசெல் இருக்கிறது.

52 சீட்டுகளும் 8 வரிசைகளில் முகம் தெரியும்படி விரிந்திருக்கும். மேலே 4 காலி அறைகள், இவைதான் ஃப்ரீசெல். ஓர் அறையில் ஒரு சீட்டைத் தற்காலிகமாக வைக்கலாம். பக்கத்தில் உள்ள 4 இடங்களில் ஒவ்வொரு சின்னத்தையும் ஏஸில் தொடங்கி ராஜா வரை அடுக்க வேண்டும். வரிசைக்குள் நிறம் மாற்றி இறங்குமுகமாகச் சேர்க்கலாம்: சிவப்பு ஏழின் மேல் கறுப்பு ஆறு. வரிசை ஒன்று காலியானால் அங்கே எந்தச் சீட்டையும் வைக்கலாம். அறைகள் நிரம்பிவிட்டால் கை கட்டிப் போட்டது போலாகிவிடும். அதனால் ஏஸ்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். தவறினால் அன்டூ இருக்கிறது.

இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. விண்டோஸ் 95-உடன் வந்த ஃப்ரீசெல்லில் இருந்த 32,000 ஆட்டங்களில் 11982 என்ற ஒன்றுதான் தீர்க்க முடியாதது. எல்லாம் கண்முன் இருப்பதால் ஒருவர் எப்படித் திட்டமிடுகிறார் என்பது ஒவ்வொரு நகர்த்தலிலும் தெரியும். அமெரிக்காவின் ஓரிகன் ஹெல்த் அண்டு சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாலி ஜிமிசன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பயன்படுத்தியது. முதியவர் ஆடும் ஆட்டத்தை, கணினி தானே தீர்க்கும் வழியோடு ஒப்பிட்டார்கள். நினைவுக் குறைவு தொடங்கியவர்களின் ஆட்டம் நாளுக்கு நாள் அதிகமாக ஏறி இறங்கியது. ஒரு புரோகிராமராக எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான். அப்பா நேற்று ஜெயித்தார், இன்று தோற்றார் என்று நீங்கள் வீட்டில் நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

சரி, விளையாடினால் நினைவு திரும்புமா? எம்.சி.ஐ. உள்ள 107 பேரைக் கொண்டு கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு மூளைப் பயிற்சி கேம்கள். இன்னொரு குழுவுக்குக் கணினியிலேயே குறுக்கெழுத்து. 78 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது குறுக்கெழுத்துக் குழுதான் சற்று முன்னே இருந்தது! இரண்டுமே செய்யாத குழு ஒன்று அதில் இல்லை என்பதால், குறுக்கெழுத்து மருந்து என்று சொல்லிவிட முடியாது. எனினும் பழகிய விளையாட்டை மட்டமாக நினைக்க வேண்டாம் என்பது புரிகிறது.

ஆகவே சந்தா கட்டச் சொல்லும் 'மூளைப் பயிற்சி' விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. லுமோசிட்டி நிறுவனம் முதுமை மறதியைத் தடுக்கும் என்பது போல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று. பென்ஷன் பணத்தை அதில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

பெரியவர்கள் விலகிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மறதி இல்லை, மவுஸ்தான். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் புளூடூத் அண்டு டிவைசஸ், அதில் மவுஸ் என்று போய், பாயின்டர் வேகத்தை இடப்பக்கம் தள்ளிக் குறையுங்கள். கை நடுங்கினால் சீட்டை இழுக்க வேண்டாம். ஒரு கிளிக்கிலேயே பொருத்தமான இடத்துக்குப் போகும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்த, மேக்னிஃபையர் திறக்கும். விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும் அழுத்தினால் மூடிக்கொள்ளும். இலவச கேமில் நடுவே விளம்பரம் வரும். அதை மூடும் பெருக்கல் குறியை முதல் நாளே காட்டிவிடுங்கள். நேரம் ஓடும் ஆட்டங்களைத் தவிர்த்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். மவுஸ் மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.