வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன்

சட்டக் கல்லூரி கடைசி வருட மாணவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால், இப்போதெல்லாம் "இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷன் சார்" என்கிறார்கள். நாடு கடந்த வணிகத் தகராறுகளை கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்க்கும் வேலை அது. அதற்கு லண்டனிலோ சிங்கப்பூரிலோ எல்.எல்.எம். படிக்க வேண்டுமாம். அப்பாக்களும் வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகிறார்கள். பிள்ளை கோர்ட் வராண்டாவில் வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்ற ஆசை.

ஆர்பிட்ரேஷன், சமரசம் என்று கோர்ட்டுக்கு வெளியே வழக்கைத் தீர்க்கும் வழிகள் பல. அவற்றில் மக்கள் நீதிமன்றத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. விபத்து இழப்பீட்டு வழக்கு பார்க்கும் சீனியரிடம் இருந்தாலே பழகிவிடும். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஆர்பிட்ரேஷன் விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. நடுவராக நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள், மூத்த வழக்கறிஞர்கள். இருபத்தைந்து வயதுக்காரரை யார் கூப்பிடுவார்கள்? பெரிய சட்ட நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும், முதல் சில வருடங்கள் மின்னஞ்சல்களைத் தேதி வாரியாக அடுக்குவதில் போகும். வெளிநாட்டு எல்.எல்.எம். மட்டும் அந்த நாட்டில் வழக்காடும் உரிமையைத் தராது. தவிர, தோற்ற தரப்பு, நடுவர் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி, 1996-ம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-வது பிரிவைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குத்தான் வருகிறது. ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கைவராதவர் அங்கே என்ன செய்வார்? கட்டுமான வழக்கில் காண்ட்ராக்டரின் அளவுப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும் பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

நான், இரு தரப்பையும் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் சமரச மேசையில் உட்காருகிறவன். ஆகவே ஒருதலையாகத்தான் சொல்வேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லேயே சமரச மையம் வந்துவிட்டது. அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளில், வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போவது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2023-ல் சமரசத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. சமரசர் நாற்காலிக்கு அனுபவமும் 40 மணி நேரப் பயிற்சியும் வேண்டும், மதிப்பூதியம் சொற்பம். ஆனால் கட்சிக்காரரின் வக்கீலாக முதல் வருடமே அந்த மேசைக்கு வந்துவிடலாம்.

அங்கே தேவைப்படுவது காது. பாகப்பிரிவினை வழக்கில் தம்பி கேட்பது மூன்று சென்ட் நிலம்; மனதில் இருப்பது, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதை அண்ணன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது. அது வெளியே வர நாலு அமர்வு ஆகலாம். மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளைகள் பலர் பத்து நிமிடம் பேசாமல் இருக்கத் திணறுகிறார்கள். உங்களால் அது முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் தவறில்லை, வழக்காடப் போங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், பிள்ளையை இரண்டு வருடம் உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு அனுப்பிவையுங்கள். அதற்குப் பிறகும் லண்டன்தான் என்றால் தாராளமாகப் போகட்டும்.