சுவேல் ஆற்றுப் பள்ளத்தாக்கு

இங்கிலாந்தின் வடபாலுள்ள யோக்ஷயர் மலைப்பகுதியிலே, மேற்கிற் பிறந்து கிழக்கு நோக்கி விரைந்தோடுவது சுவேல் என்னும் ஆறு. இலண்டன் மாநகரைப்பற்றி நூல்களிற் படித்த அளவுக்கு அந்நாட்டின் நாட்டுப்புறத்தை நாம் அறிந்தோமில்லை. ஆகவே அவ்வாற்றின் கரைவழியே சிறிது தூரம் செல்வோம்.

பள்ளத்தாக்கின் வாயிலில் றிச்மண்ட் நகரம் உளது. 1071ஆம் ஆண்டளவில் நோர்மானியர் கட்டத் தொடங்கிய கோட்டை ஆற்றின்மேல் ஓங்கி நிற்கின்றது. அதனைக் கடந்து மேற்கே சென்றால் றீத், கனர்சைட், மியூக்கர், கெல்ட் எனச் சிற்றூர்கள் வரும். இப்பெயர்கள் சிலவற்றில் ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் குடியேறிய ஸ்கந்திநேவியரின் மொழி இன்றும் வாழ்கின்றது. கெல்ட் என்பது ஊற்று. கனர்சைட் என்பது கன்னர் என்பானின் மேய்ச்சல் நிலம்.

மியூக்கர் ஊர்ப்புறத்துப் புல்வெளிகளை யூன் மாதத்திற் காணல் வேண்டும். ஊதாவும் மஞ்சளும் வெண்மையுமாகப் பூக்கள் செறிந்திருக்கும். இதனை இயற்கையின் கொடை என்று எண்ணுவோமாயின் தவறுவோம். பூக்கள் விதை உதிர்க்கும்வரை பொறுத்திருந்து புல்லை அறுக்கும் வழக்கமே அவற்றைக் காத்தது. முற்றிய விதை கிலுகிலுக்கும் மஞ்சட் பூச்செடி ஒன்று புல்லின் வேரிலிருந்து சாரத்தை உறிஞ்சி அதன் வளர்ச்சியை அடக்க, ஏனைய பூண்டுகளுக்கு இடம் கிடைக்கின்றது. செயற்கை உரத்தை மிகுதியாக இட்டால் புல் கொழுக்கும், பூ மறையும். இங்கிலாந்தின் பெரும்பாலான பூம்புல்வெளிகள் இருபதாம் நூற்றாண்டில் மறைந்துபோயின.

வயல்தோறும் சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்களும் தனித்த கற்றொழுவங்களும் உள. சுவர் ஒன்றன்று, இரண்டு. இடையே சிறுகல்லை நிரப்பி, குறுக்கே நீண்ட கற்களை வைத்துப் பிணைத்துள்ளனர். தொழுவத்தின் மேற்றட்டில் உலர்புல். கீழே மாரிகாலம் முழுவதும் கட்டப்பட்ட சில பசுக்கள். உழவன் பனியிலும் நாள்தோறும் நடந்துசென்று தீனியிட்டுப் பால் கறப்பான். சாணம் அவ்வயலுக்கே எருவாகும். இன்றோ மாடுகள் பெருங்கொட்டில்களில் நிற்கின்றன. பல தொழுவங்களின் கூரைகள் சரிகின்றன. 1954இல் அமைந்த தேசியப் பூங்காவினர் அவற்றைக் காக்க முயல்கின்றனர். ஆனால் தொழில் போனபின் கட்டடத்தைமட்டும் காப்பது எளிதன்று.

கனர்சைட் ஓடையின் இருமருங்கும் மலை கீறுண்டு கிடக்கின்றது. ஈயச்சுரங்கத்தார் சரிவில் அணைகட்டி நீரைத் தேக்கித் திடீரெனத் திறந்துவிடுவர். மேல்மண் அரிபட்டுத் தாது வெளிப்படும். 1880ஆம் ஆண்டுகளில் ஈயத்தின் விலை வீழ்ந்தது. குடும்பங்கள் டேர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் லங்காஷயர்ப் பஞ்சாலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்டன. அன்று அழிவாயிருந்த அச்சரிவுகளையே இன்று காட்சியெனக் கண்டு படம் எடுக்கின்றோம்.

மற்றொரு வழியும் உண்டு. 1580இல் மியூக்கரிற் சிற்றாலயம் எழுமுன், மேற்பள்ளத்தாக்கில் இறந்தோரைக் கிறின்ரன் கோயிலிலேயே அடக்கஞ் செய்தனர். பிரம்புக் கூடையில் உடலைத் தாங்கிப் பத்து மைலுக்கும் மேலாக நடந்தனர். சுமையிறக்கிய தட்டைக்கல் ஒன்று இவ்லெற் பாலத்தருகே இன்னும் கிடக்கின்றது. அவ்வழியின் பகுதிகளில் நடைப்பயணிகள் இன்று உல்லாசமாகச் செல்கின்றனர்.

மியூக்கர்ப் புல்வெளியின் ஊடே ஒற்றையடிக் கற்பாதை ஒன்று செல்கின்றது. வருவோர் ஒருவர்பின் ஒருவராக நடக்குமாறு வேண்டப்படுகின்றனர். இருமருங்கும் நிற்பது உழவனின் மாரிகாலத் தீனி.