தோட்டா மறுகெட்டிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

துப்பாக்கித் தோட்டாவுக்கு நான்கு பாகங்கள்: பித்தளை உறை, உறையின் அடியில் பொருந்திய பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது உறை மட்டுமே. தீர்ந்த பிரைமரைத் தட்டி எடுத்து, விரிந்த உறையை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் சேர்ப்பதே மறுகெட்டிப்பு. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் இதை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வீட்டில் செய்துவருகிறார்கள். இதற்கான கைக்கருவிகளுக்குப் பேர்பெற்ற ஐடியல் நிறுவனம் 1884இல் தொடங்கியது. புதிதாக இறங்குவோரிடையே உலவும் சில நம்பிக்கைகளும் அவற்றின் உண்மை நிலையும் வருமாறு.

நம்பிக்கை: வீட்டில் கெட்டித்தால் பணம் மிச்சம்.

உண்மை: தோட்டாவில் விலை கூடிய பாகம் பெரும்பாலும் உறைதான். அது மறுபடி பயன்படுவதால் ஒரு தோட்டாவுக்கான செலவு குறையும். ஆனால் பிரஸ், அச்சுகள், தராசு, காலிப்பர், கையேடு ஆகியவற்றுக்கு முதலில் பணம் போட வேண்டும். 9 மி.மீ. போன்ற தோட்டாக்கள் ஆலைகளில் பெருமளவில் தயாராவதால் அவற்றில் மிச்சம் சொற்பம். கடையில் அரிதாகக் கிடைக்கும் ரைஃபிள் தோட்டாக்களில்தான் லாபம் தெரியும். குறிப்பிட்ட ஒரு ரைஃபிளுக்கு இசைந்த மருந்தளவைக் கண்டறிந்து குறிபிசகாமல் சுடுவதற்காகவே பலர் இதைத் தொடர்கிறார்கள்.

நம்பிக்கை: மருந்து டப்பா வீட்டில் இருப்பது வெடிகுண்டு இருப்பதற்குச் சமம்.

உண்மை: இன்று பயன்படுவது புகையற்ற மருந்து. பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் 1884இல் உருவாக்கிய இதன் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். திறந்த வெளியில் இது வேகமாக எரியுமே தவிர வெடிக்காது. இறுக்கமாக அடைபட்டால்தான் அழுத்தம் ஏறி, எரியும் வேகமும் கூடும். உள்ளழுத்தம் ஏறினால் எளிதில் பிளந்துவிடும் டப்பாக்களில் இது விற்கப்படுவது அதனால்தான். பழைய கரிமருந்து அப்படியல்ல; ஒரு பொறியே போதும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு, புகையற்ற மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) வரை வீட்டில் வைக்க இடம் தருகிறது. கூடுதல் கவனம் வேண்டுவது பிரைமருக்கு. அது அடிபட்டாலே வெடிக்கும்படி செய்யப்பட்டது. பிரைமர்களை ஒரே ஜாடியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். ஆலை அடுக்கித் தந்த தட்டுகளிலேயே அவை இருக்க வேண்டும்.

நம்பிக்கை: பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளை மாற்றிப் பயன்படுத்தலாம்.

உண்மை: நிறமும் மணியின் வடிவமும் எரியும் வேகத்தைச் சொல்லா. பெயரும் ஏமாற்றும். ஐஎம்ஆர் 4831, ஹாட்ஜ்டன் எச்4831 இரண்டிலும் எண் ஒன்றே; முதலாவது வேகமாக எரியும். ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொண்டால் அழுத்தம் எல்லை மீறலாம். வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் உறையில் நிரப்பினால் துப்பாக்கியே சிதறும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் இருக்க வேண்டும் என்பதும், பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தைப் பயன்படுத்தவே கூடாது என்பதும் இதனால் வந்த விதிகள்.

நம்பிக்கை: மருந்தைக் குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை.

உண்மை: மருந்து போதாவிட்டால் குண்டு குழலிலேயே சிக்கி நிற்கும். அதைக் கவனியாமல் அடுத்த முறை சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். அதனால் கையேடுகள் உச்ச அளவோடு தொடக்க அளவையும் தருகின்றன. தொடக்க அளவில் ஆரம்பித்து, அழுத்தக் குறிகளைப் பார்த்தபடி சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை. மருந்தை நிறுக்கும் அலகு கிரெய்ன். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெய்னே போதும். கரிமருந்துக் காலத்தில் பிறந்த .38 ஸ்பெஷல் உறையில் இடம் தாராளம். தவறி இருமுறை மருந்து விழுந்தாலும் உறை நிரம்பி வழியாது. குண்டை வைக்குமுன் ஒவ்வோர் உறைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது அதற்காகவே.

நம்பிக்கை: எந்த உறையையும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

உண்மை: பாக்ஸர் வகை உறையின் அடியில் நடுவே ஒரே துளை, ஊசியால் பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டான் வகையில் பெரும்பாலும் ஓரமாக இரு சிறு துளைகள். அந்த ஊசி அங்கே பயன்படாது. பித்தளையும் சுடச் சுடக் களைத்துப்போகும். கழுத்தில் விரிசல் வந்தாலோ, ரைஃபிள் உறையின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் தெரிந்தாலோ, அந்த உறையின் ஆயுள் முடிந்தது. அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கி உறைகள் நெடுநாள் உழைக்கும். அழுத்தம் மிகுந்த ரைஃபிள் உறைகள் விரைவில் தேயும்.

நம்பிக்கை: வெடிப்பைத் தவிர வேறு கெடுதல் இல்லை.

உண்மை: பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு, உறைகளை மெருகேற்றும்போது எழும் தூசியில் அது கலந்திருக்கும். வேலை செய்யும் இடத்தில் உண்பதும் புகைப்பதும் கூடாது. முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். குழந்தைகள் அருகில் வரக் கூடாது.

நம்பிக்கை: சொந்த உபயோகத்துக்குத்தானே, சட்டம் தடுக்காது.

உண்மை: அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி தன் உபயோகத்துக்குத் தோட்டா கெட்டிக்க உரிமம் வேண்டாம். விற்பனைக்குத் தயாரித்தால் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம்.