முதல் இதழுக்கு முன்

வாசுதேவநல்லூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மருமகனே,

பாளையங்கோட்டை சவேரியார் பள்ளி விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை தொடங்குகிறீர்களாம், நீதான் ஆசிரியராம். சேவைக் குழுவிலும் உன் பெயர் இருக்கிறது. எதற்கு நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறாய். "பத்தாவதில் இதெல்லாம் எதுக்கு?" என்கிறாள் உன் அம்மா. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியதே இல்லை. உங்கள் கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களைப் பார்த்திருப்பாய். அந்தச் சபை பிறந்தது 1833 ஏப்ரல் 23 அன்று, பாரிசில், ஒரு பத்திரிகை அலுவலகத்தில். தொடங்கியவர்களில் முக்கியமானவர் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவர். அன்றுதான் அவருக்கு இருபது வயது நிறைந்தது. விவாத மன்றத்தில் மதத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தவரை, "சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று எதிர்க்கட்சி மடக்கிவிட்டது. அந்தக் கேள்வி உறுத்தித்தான் நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்கு நடந்தார். வீட்டுக்குப் போனார்கள் என்பதைக் கவனி. யாரையும் மேடைக்குக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அப்படி நிறுத்தியவன். ஒன்பதாவது படிக்கும்போது வீட்டுக்கு ஒரு படி அரிசி சேர்த்து ஒரு குடிசைப் பகுதியில் கொடுத்தோம். ஆண்டு மலரில் படம் வந்தது. ஓர் அம்மா முந்தானையை ஏந்தி அரிசி வாங்குகிறார். அடியில் 'ஏழைகளின் கண்ணீர் துடைத்த கரங்கள்' என்று எழுதியது நான்தான். பெருமையாகத்தான் இருந்தது. மலர் கொடுத்த அன்று, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்தான். படத்தில் இருந்தது அவன் அம்மா என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவன் திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

அதனால் உன் பத்திரிகையில் வாங்குகிறவர் முகம் வேண்டாம். கொடுக்கிற கையும் வேண்டாம். என்ன நடந்தது என்று எழுது. 2023 டிசம்பர் வெள்ளத்தை நீ பார்த்தவன். 'வானம் கொட்டித் தீர்த்தது' என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று எழுது, மீதியை வாசிக்கிறவன் பார்த்துக்கொள்வான். சேவைக் குழு போய் வந்தால் எத்தனை பேர் போனீர்கள், என்ன கொண்டு போனீர்கள், எது போதவில்லை, எது வீணாயிற்று, எல்லாவற்றையும் போடு. வீணானதைக் கட்டாயம் போடு. அடுத்த வருஷத்துப் பையன்களுக்குப் பயன்படப்போவது அதுதான். தலைமையாசிரியர் முகம் சுளித்தால் கணக்கைக் காட்டு.

கையால் எழுதுவதை நினைத்துக் கூச்சப்படாதே. கலாப்ரியா எழுதத் தொடங்கியது வண்ணநிலவனின் 'பொருநை' என்ற கையெழுத்துப் பத்திரிகையில்தான். அச்சில்தான் பெருமை என்றால் அதற்கும் ஒரு கதை நம்மூர் ரோட்டிலேயே இருக்கிறது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவில் மலை கடந்தால் இந்த ரோடு கொல்லம் போய்ச் சேரும். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கிற நூல்களில் பழையதான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் அங்கேதான் அச்சானது. கொண்டுவந்தவர் இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார். உன் பள்ளியை நடத்துவதும் அதே சபைதான். அந்தப் புத்தகம் மொத்தமே 16 பக்கம். உன் முதல் இதழும் அதைத் தாண்ட வேண்டாம். பக்கம் கூடினால் சினிமா நடிகர் படத்தை ஒட்டி நிரப்பத் தோன்றும். நாங்கள் ஒட்டினோம்.

கையெழுத்து நன்றாக இருப்பவனை எழுதவிடு, பிழை பார்ப்பது வேறொருவனாக இருக்கட்டும். விடுதிச் சமையல்காரரைப் பேட்டி எடு. விடியற்காலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விடு. படிக்கிறவர்கள் கருத்து எழுதும் இடம் அது. காலாண்டு லீவுக்கு வரும்போது இதழைக் கையோடு எடுத்து வா. என் கருத்தையும் அதில்தான் எழுதுவேன், முன்கூட்டிச் சொல்லமாட்டேன்.

உன் மாமா