ஹெட்லைற்றைத் திறக்கலாம், மூடத் தெரிந்தால்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஓடிக்கொண்டிருந்த கார்கள்தான் இன்றும் திருகோணமலைத் தெருக்களில் பெரும்பாலும் ஓடுகின்றன. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியது. ஆனால் புதிய வாகனத்தின் விலை எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. பழைய கொரோலாவையும் விட்ஸையும் பிரீமியோவையும் வைத்தே காலம் தள்ள வேண்டியிருக்கிறது. அவற்றில் வயது முதலில் தெரிவது ஹெட்லைற்றில்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் ரீகண்டிஷன் ஹெட்லைற் சோடி வாங்கலாம். விலை கொடுத்துக் கொண்டுவருவதும் பல வேளைகளில் நம்முடையதைப் போலவே மஞ்சளித்துத்தான் இருக்கிறது. அதனால் வீட்டிலேயே கழற்றித் திருத்தத் தொடங்கினேன். என் காரோடு நிற்காமல் மச்சான்மார், அயலவர் என்று பலருடைய லைற்றுகளும் வந்து சேர்ந்தன. அத்தனையையும் திறந்து மூடியதில் விளங்கியது இதுதான்: திறப்பது சின்ன வேலை. தண்ணீர் புகாமலும், எதிரே வருபவரின் கண் கூசாமலும் திரும்ப மூடிப் பூட்டுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

திறக்காமல் முடிகிற வேலைகள்

மஞ்சளிப்புக்காக லைற்றைத் திறக்கத் தேவையில்லை. லென்ஸ் பொலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் வெளிப்புறத்தில் வெயிலைத் தாங்கவென்று மெல்லிய பூச்சு ஒன்று கம்பனியிலேயே போடப்பட்டிருக்கும். அது தேய்ந்து போனதும் புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை நேராகத் தாக்கும். பழுது உள்ளேயா வெளியேயா என்று அறிய லென்ஸில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளியேதான். 800, 1000, 1500, 2000, 3000 என்று சாண்ட் பேப்பரைப் படிப்படியாக மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பொலிஷ் போட்டு, கடைசியில் புறஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடித்தால் போதும். பற்பசை போட்டுத் தேய்த்தாலும் பளபளக்கும்தான். ஆனால் கிளியர் கோட் இல்லாத லென்ஸ் சில மாதங்களில் மறுபடி மஞ்சளிக்கும்.

மழைநாளில் லென்ஸின் உள்ளே லேசான பனி படிந்து, லைற் சற்று நேரம் எரிந்ததும் மறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் கசிவு. அப்போதும் முதலில் பின்பக்க இறப்பர் மூடியையும் பல்பின் வளையத்தையும் பாருங்கள். எல்ஈடி பல்ப் மாட்டியவர்கள், அதன் விசிறி இடிக்கிறது என்று இறப்பர் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடற்கரை ஊரில் உப்புக் காற்று உள்ளே போக அந்த வழி போதும்.

லென்ஸின் உட்புறம் புகை படிந்திருந்தால், ஓரத்துப் பசை விட்டிருந்தால், புரொஜெக்டர் பொருத்துவதாக இருந்தால் மட்டும் திறக்கும் கதைக்குப் போகலாம்.

பசையைப் பார்த்து முடிவெடுங்கள்

லென்ஸும் கூடும் சேரும் இடுக்கில் மெல்லிய திருப்புளியால் குத்திப் பாருங்கள். கறுப்பாக, மெதுவாக, இழுத்தால் நூலாக வந்தால் அது பியூட்டைல். அது ஒருபோதும் முழுதாக இறுகாது. சூடாக்கினால் இளகும், ஆறினால் மறுபடி பிடிக்கும். குத்தினால் இறங்காமல் கெட்டி இறப்பர் போல நின்றால், அது சூட்டுக்கு இளகாத நிரந்தரப் பசை. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும்போது லென்ஸ் பிளக்கும், கூட்டின் ஓரம் உடையும். அந்த வகையை வீட்டில் தொடாதீர்கள். பழைய மொடல்களில் லென்ஸ் உண்மையான கண்ணாடியாகவே இருக்கும். அது மஞ்சளிக்காது, ஆனால் திடீர்ச் சூட்டில் வெடிக்கும்.

சூடும் காற்றும்

இந்த வேலைக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கிவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தையும் லைற்றுக்குள் வைத்து மூடிவிடுவோம். ஆனி ஆடியில் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும் என்பதால், காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே, கதவு சாத்திய அறைக்குள் திறந்து மூடுவது என் வழக்கம்.

பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். பல்ப், இறப்பர் மூடி, திருகாணி, உலோகக் கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கம்பனியிலிருந்தே செனன் பல்ப் பூட்டி வந்த காராக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்த பல்ப் பற்றும் கணத்தில் 20,000 வோல்ற்றுக்கு மேல் பாயும்.

மின் அவனை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, நிறுத்தி, உள்ளே மரப்பலகை வைத்து அதன்மேல் லைற்றை வையுங்கள். ஏழு முதல் பத்து நிமிடம் போதும். அவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். 150 பாகையை நெருங்கும்போது பொலிகார்பனேட் வளையத் தொடங்கும். சமைக்கும் அவனை இதற்குப் பாவிக்காதீர்கள். உப்புவெளியில் அயலவர் ஒருவர், “தம்பி, பேக்கரிப் போறணையில வைச்சா ரெண்டையும் ஒரேயடியா எடுத்திடலாம்தானே?” என்று கேட்டார். “அண்ணை, பாண் வேகிற சூடு இருநூறுக்கு மேல. லைற் தட்டையாத்தான் வெளியில வரும்” என்றேன். மின் அவன் இல்லாவிட்டால் ஹீட் கன்னால் ஓரம் ஓரமாகச் சூடாக்கலாம். நேரம் பிடிக்கும், ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்கக் கூடாது.

இளகியதும் மூலையொன்றில் தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலை நுழைத்து மெல்ல நகர்த்துங்கள். பலம் போட வேண்டியிருந்தால் சூடு போதவில்லை என்று பொருள். திரும்ப உள்ளே வையுங்கள்.

உள்ளே தொடக் கூடாதவை

ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பளபளப்பு, வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். துணியால் துடைத்தாலோ ஸ்பிரிட் பட்டாலோ அது போய்விடும். தூசியைக் கையால் அமுக்கி ஊதும் இறப்பர்ப் பந்தால் ஊதி எடுங்கள், அவ்வளவுதான். உடைந்த கொளுக்கியை சூப்பர் குளூவால் ஒட்டினால், அதன் ஆவி லென்ஸின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். ஒட்டுவதை வெளியே ஒட்டி, நன்றாகக் காயவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

என்ன மாற்றலாம்? ஹலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்ஈடியோ செனனோ மாட்டுவதை நான் செய்து கொடுப்பதில்லை. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே சிறு தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் புள்ளியை வைத்துக் கணக்கிட்டது. ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருபவரின் முகத்தில் விழும். ஹபரணையிலிருந்து கந்தளாய்க்கு இரவில் வந்தவர்களுக்குத் தெரியும்: எதிர் வெளிச்சத்தில் கண் கூசும் அந்தச் சில நொடிகளில் வீதியோரம் நிற்கும் யானை தெரியாது. நிலாவெளி வீதியில் படுத்திருக்கும் மாடும், கோட்டைப் பக்கம் குறுக்கே வரும் மானும் அப்படித்தான். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் புரொஜெக்டர் பொருத்துங்கள். இலங்கையில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடப்பக்கம் ஒளி உயரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது இங்கே உதவாது. நிற விளக்கு, வளைய விளக்குகளை விட்டுவிடுங்கள். 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ திட்டத்தோடு, வாகனங்களில் அனுமதியின்றிப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்தது நினைவிருக்கும்.

மூடுவது

பழைய பியூட்டைலில் மண் படாதிருந்தால் அதையே மறுபடி பாவிக்கலாம். புதிதாகப் போடுவதானால் பழையதை முழுதாக வழித்தெடுங்கள். உருண்டைக் கயிறாக வரும் பியூட்டைலை வாகனக் கண்ணாடி மாற்றுபவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அதை இழுத்து மெலியவிடாமல் பள்ளம் முழுக்க ஒரே சுற்றாகப் போடுங்கள். இரு முனையும் சேரும் இடம் அடிப்பக்கத்தில் வரக் கூடாது. மறுபடி சூடாக்கி, லென்ஸை அழுத்தி, மரத்துண்டு வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இன்னொரு முறை சில நிமிடம் சூடாக்கி மீண்டும் இறுக்குங்கள். ஒரே தடவையில் பசை எல்லா மூலையையும் நிரப்பாது.

பள்ளத்துக்குள் சிலிக்கன் வேண்டாம். வினாகிரி மணக்கும் சிலிக்கன் காயும்போது விடும் அமிலம் ரிஃப்ளெக்டரைக் கெடுக்கும். அடுத்த முறை பியூட்டைல் போட்டாலும் அதன்மேல் பிடிக்காது.

கூட்டின் பின்னால் சிறு மூச்சுத்துளைகள் இருக்கும். தண்ணீர் போகும் என்று அவற்றை அடைப்பவர்கள் உண்டு. எரியும் லைற்றுக்குள் காற்று விரியும். மழை பட்டுக் குளிரும்போது சுருங்கும். துளை அடைபட்டிருந்தால் அந்தச் சுருக்கம் பசையின் பலவீனமான இடத்தினூடாக ஈரத்தை உறிஞ்சும். துளைகளைத் திறந்தே விடுங்கள்.

காரில் பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. துளைகளைத் தற்காலிகமாக மூடி, ஒன்றில் மட்டும் குழாய் செருகி மெல்ல ஊதிக்கொண்டே ஓரம் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு.

பூட்டியதும் சமதரையில், சுவரிலிருந்து லைற் 10 மீற்றர் தள்ளி நிற்க, ரயர்க் காற்றைச் சரிபார்த்து நிறுத்துங்கள். டிம் லைற்றின் மேல் விளிம்பு, லைற்றின் உயரத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே சுவரில் விழ வேண்டும். டிக்கியில் மீன் பெட்டி ஏற்றி ஓடுபவர் என்றால் அந்தப் பாரத்தோடே பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் லைற் மேலே போகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சொந்த லைற்றில் கை வைக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில், பியூட்டைல் போட்ட உடைசல் லைற் ஒன்றை வாங்குங்கள். திறந்து மூடி, மழைக்குள் ஒரு கிழமை வெளியே விடுங்கள். உள்ளே துளி ஈரம் இல்லையென்றால் உங்கள் காரின் பம்பரைக் கழற்றலாம்.